வெறுந்தொட்டில் ஆடும் சத்தம்

எனக்கு யாரையும் சட்டென்று நம்பி வராது. தர்பூசணிக்காரன் தட்டிக் காட்டினாலும் நான் வாங்கி மறுபடி தட்டுவேன். நிலக்கரி வண்டி வந்தால் மூட்டையைக் கவிழ்க்கச் சொல்லி, அடியில் கல் கிடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இறக்க விடுவேன். எங்கள் ஊரான ஆட்-பாஷியில் பாதிப் பேர் என்னைச் 'சல்லடை துர்சுனை' என்றுதான் சொல்கிறார்களாம். சொல்லிவிட்டுப் போகட்டும். ஏமாந்தவள் என்று சொல்வதற்கு அது எவ்வளவோ மேல்.

அதனால்தான் என் ஓரகத்தி சாய்கலின் வயிறு எல்லோருக்கும் முன்னால் என் கண்ணில் பட்டது.

சாய்கல் எங்கள் வீட்டுக் கடைக்குட்டியின் மனைவி. புருஷன் வீட்டாரின் பெயரை மருமகள்கள் வாயால் சொல்லக் கூடாது. ஆகவே என் கொழுந்தன், மீசை முளைத்துப் பெண்டாட்டி பிள்ளை என்று ஆன பிறகும், எனக்குக் கடைக்குட்டிதான். பெற்றவர்களின் வீடு கடைசி மகனுக்கு என்பது வழக்கம். அந்தக் கணக்கில் சாய்கல் எங்கள் மாமியாரான அத்தையோடு அந்தப் பெரிய வீட்டில் இருக்கிறாள். நானும் என் வீட்டுக்காரரும் மூன்று பையன்களும் அதே முற்றத்தின் எதிர்ப்பக்கம். என் சமையலறை ஜன்னலில் நின்றால் பெரிய வீட்டுக்குள் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் எல்லாம் தெரியும். நான் வேண்டுமென்று பார்ப்பதில்லை. ஜன்னல் அங்கே இருக்கிறது.

மகள் பேர்மெட் பிறந்து நாற்பது நாள் கழிந்த கையோடு கடைக்குட்டி ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். இப்போது பேர்மெட் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். இடையில் அவன் ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை.

அவன் வரவில்லை. ஆனால் சாய்கலுக்கு வயிறு வந்திருந்தது.

முதலில் நானும் கொழுப்பு என்றுதான் நினைத்தேன். ஆனால் அவளுக்குக் கையும் காலும் கழுத்தும் குச்சி குச்சியாக இருக்கின்றன, வயிறு மட்டும் ஐந்து மாதத்துக்காரி போல முன்னால் நிற்கிறது. ஒருநாள் டீ குடித்து முடித்து எல்லோரும் எழுந்தோம். சாய்கல் மட்டும் நேரே எழவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, கையை ஊன்றி, அப்புறம் மெல்ல எழுந்தாள். அப்படி எழுந்திருப்பது யார்? நான் மூன்று பெற்றவள், எனக்குத் தெரியாதா? அன்றைக்கு என் கையிலிருந்த டீக்கிண்ணம் ஆறிப்போகும் வரை நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கியது. தெருக்குழாயில் வாளியைப் பாதிதான் நிரப்புவாள். நடை கூடினாலும் பரவாயில்லை என்று இன்னொரு முறை போய் வருவாள். மாவு மூட்டை வந்தால் தொடமாட்டாள். பிரசவம் ஆனதும் அத்தை தன் கையாலேயே அவள் வயிற்றில் இறுக்கிக் கட்டிவிட்ட கம்பளித் துண்டு, துவைத்து மடித்து மெத்தை அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. நானெல்லாம் கடைசிப் பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அதைக் கட்டிக்கொண்டு திரிகிறேன்.

சனிக்கிழமை வெந்நீர்க் கொட்டகையில் பெண்கள் எல்லோரும் சேர்ந்துதான் குளிப்போம். முதுகு தேய்த்துவிட ஆள் வேண்டாமா? சாய்கல் சேர்ந்து வருவதை நிறுத்திவிட்டாள்.

"நீங்க குளிச்சுட்டு வாங்க அக்கா, நான் கடைசியா போய்க்கறேன்."

"கடைசியில தண்ணி ஆறிடும்டி."

"பரவால்ல அக்கா."

ஆறின தண்ணீரில் குளிக்க எந்தப் பெண் ஆசைப்படுவாள்? மறைக்க ஏதோ இருக்கிறவள்தான் ஆசைப்படுவாள்.

போதாததற்கு, குழந்தைக்குத் தடுப்பூசி என்று சொல்லி நாரின் நகரத்துக்குப் போய் வந்தாள். தடுப்பூசி போட நர்ஸ் எங்கள் தெருவிலேயே இருக்கிறாள். நான் போய் அந்த நர்ஸிடம் நேரடியாகவே கேட்டேன். "பேர்மெட்டுக்கு எல்லா ஊசியும் எப்பவோ போட்டாச்சே," என்றாள்.

இவ்வளவையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. கையில் கல்லைப் பார்க்காமல் மூட்டையில் கல் என்று சொல்கிறவள் இல்லை நான். ஆனால் ஒரு நாள் மதியம் அத்தையே பேர்மெட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அத்தை முற்றத்தைத் தாண்டி என் வீட்டுக்கு வருவது பெருநாளைக்குத்தான். முகம் வெளுத்திருந்தது.

"துர்சுனை, உனக்குக் காது நல்லா கேக்கும்ல? வா என்கூட."

"என்ன அத்தை?"

"பேசாம வா."

பெரிய வீட்டில், உள்ளறைக் கதவு உள்பக்கம் கொக்கி போட்டிருந்தது. நாங்கள் அடுப்புப் பக்கம் நின்றோம். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் கேட்டது. கிரீச். கொஞ்சம் பொறுத்து, கிரீச். எங்கள் வீட்டுத் தொட்டிலின் சத்தம். என் வீட்டுக்காரரும் கடைக்குட்டியும் என் பையன்களும் படுத்த, வளைகால்களில் தரையில் நின்று ஆடும் அதே மரத்தொட்டில். அது ஆடினால் எந்த அறையிலிருந்தாலும் எனக்குத் தெரியும்.

ஆனால் அதில் தூங்க வேண்டிய பேர்மெட் அத்தையின் இடுப்பில் உட்கார்ந்து பாசிமணியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எங்களில் சின்னக் குழந்தைகூட வெறுந்தொட்டிலை ஆட்டாது. தெரியாமல் கை பட்டு ஆடினால்கூடப் பிடித்து நிறுத்திவிட்டு, தூ தூ என்று துப்புவோம். வெறுந்தொட்டில் ஆடுகிற வீட்டில் பிள்ளை தங்காது. நான் ஊசியை நம்பமாட்டேன், நர்ஸை நம்பமாட்டேன், ஆனால் இதை நம்புகிறேன்.

கிரீச்சுக்கு நடுவே இன்னொரு சத்தமும் வந்தது. "ஷ்ஷ்ஷ்..." என்று நீளமாக, பல்லிடுக்கில் மூச்சை விடும் சத்தம். வலி எடுத்தவள் விடுகிற மூச்சு.

அத்தை என் காதோரம் கேட்டார். "தினம் இந்த நேரத்துக்குத்தான். பிள்ளையை எங்கிட்ட கொடுத்துட்டு கொக்கி போட்டுக்கறா. உனக்கு என்ன தோணுது?"

அத்தையே சொன்னார். "அவ வயித்தைப் பாத்தியா?"

"பாத்தேன் அத்தை."

"எப்போலேர்ந்து?"

"கொஞ்ச நாளா."

அவ்வளவுதான் பேச்சு. யாருடையதோ ஒன்று உள்ளே இருக்கிறது, அது தங்கக் கூடாது என்று வெறுந்தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே கணக்கைத்தான் போட்டோம், வாய்விட்டுச் சொல்ல இரண்டு பேருக்கும் கூச்சம். அத்தைக்கு அவமானத்தைவிடத் துக்கம்தான் பெரிதாக இருந்தது. பெரிய வீட்டுக்கு ஒரு பேரன் வேண்டும் என்று கேட்டுக்கேட்டு அலுத்தவர் அவர்.

அன்று சாயங்காலம் அத்தை மகனுக்குப் போன் போட்டார். வழக்கமாக அவன் முகம் திரையில் தெரியும்போது நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருப்போம். சாய்கல் ஓரமாக நின்று தலையாட்டுவாள். அன்று அத்தை போனை எடுத்துக்கொண்டு ஆட்டுக்கொட்டகைக்குள் போய்விட்டார்.

"கிளம்பி வா. போன்ல பேசற விஷயம் இல்ல."

"உடம்பு சரியில்லையாம்மா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. உன் பொண்டாட்டியை அவ அம்மா வீட்டுல விட வேண்டி வரும்போல இருக்கு. அதை நான் செய்ய மாட்டேன், நீதான் செய்யணும்."

நான் வாசலில் காவல் நின்றேன். மனசு கனத்தது, பொய் சொல்வானேன். சாய்கல் கெட்டவள் என்று எனக்கு அதுவரை ஒரு சின்ன அடையாளமும் கிடைத்ததில்லை. என் பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது இராப்பகலாக உட்கார்ந்திருந்தவள். ஆனால் சல்லடை என்றால் சலிக்கத்தானே வேண்டும்.

கடைக்குட்டி ஒரு மதியம் வந்து இறங்கினான். வாடகைக் காரிலிருந்து பையோடு இறங்கியவன் நேரே பெரிய வீட்டுக்குள் வந்தான். சாய்கலுக்கு அவன் வருவது தெரியாது. அவள் வழக்கம்போல் கொக்கி போட்டுக்கொண்டு உள்ளே இருந்தாள். பேர்மெட் அப்பாவைப் பார்த்துப் பயந்து அத்தையின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவனுக்கு அது முதல் அடி.

"எங்க அவ?"

அத்தை கதவைக் காட்டினார். "கேளு."

கிரீச். ஷ்ஷ்ஷ். கிரீச்.

அவன் பேர்மெட்டைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். அவனும் இந்த ஊர்ப் பிள்ளைதானே, யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "தொட்டில்ல யாரு?" என்று கேட்டான்.

"யாருமில்ல. அதான் உன்னைக் கூப்பிட்டேன். அவ வயித்தைப் போய்ப் பாரு," என்றார் அத்தை.

தோளால் ஒரு இடி இடித்தான். கொக்கி பிய்ந்து தரையில் விழுந்தது.

சாய்கல் கம்பள விரிப்பில் மல்லாந்து கிடந்தாள். சட்டையை நெஞ்சு வரை சுருட்டி விட்டிருந்தாள். இரண்டு கெண்டைக்காலும் தொட்டிலின் மேல் கட்டையில் இருந்தன. ஒரு காலை மெல்ல எடுத்துக் குதிகாலைத் தரையில் வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே அசையாமல் கிடந்தாள். தொட்டில் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"காலு! தொட்டில் மேல காலு!" என்று அலறினார் அத்தை. அவர் கண்ணுக்கு வயிறு தெரியவில்லை, கால்தான் தெரிந்தது. ஓடிப்போய்த் தொட்டிலை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார்.

சாய்கல் புருஷனைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு புறப்பட்டது. எத்தனை மாதம் ஆகியிருக்கும் அவனை நேரில் பார்த்து! ஆனால் அவன் கண் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள், சிரிப்பு அங்கேயே செத்தது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"இது யாரோடது?" என்றான் கடைக்குட்டி.

அவள் ஒரு பக்கமாகப் புரண்டு, கையை ஊன்றி, எழுந்து உட்கார்ந்து, சட்டையை இறக்கிவிட்டாள்.

"யாரோடதுன்னா? பேர்மெட்டோடது. நாப்பது கழிஞ்ச அன்னைக்கு பாத்துட்டுத்தான போனீங்க? அதே வயிறுதான் இது. இன்னும் மூடல."

"என்ன மூடல? என்ன உளர்ற? கிளம்பு, டாக்டர்கிட்ட போலாம்."

"டாக்டர்கிட்ட நான் போயிட்டு வந்துட்டேன். நாரின்ல." அவள் என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "அக்கா, நீங்கதான இந்த ஊர்லயே யாரையும் நம்பாதவங்க? நான் சொன்னா இவர் நம்பமாட்டார். நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க. வாங்க, கை வெச்சுப் பாருங்க."

என் சந்தேகத்தை இவ்வளவு மரியாதையாக யாரும் கூப்பிட்டதில்லை.

"நீ வெளிய போடா," என்றேன் கடைக்குட்டியை.

"அவர் இருக்கட்டும்," என்றாள் சாய்கல். மறுபடி படுத்து முழங்காலை மடக்கி, தலையைக் கொஞ்சமாகத் தூக்கினாள். "தொப்புளுக்கு மேல, நடுவுல."

விரலை வைத்தேன். அங்கே சதை இருக்கும் என்று நினைத்து வைத்த விரல், பிசைந்த மாவில் போவது போல உள்ளே போனது. இரண்டு பக்கமும் வயிற்றின் தசை வரப்பு மாதிரி நிற்க, நடுவில் வாய்க்கால். அந்த வாய்க்கால் எனக்குத் தெரியும். தினம் காலையில் கம்பளித் துண்டை அதன் மேல்தான் இறுக்கிக் கட்டுகிறேன்.

இருந்தாலும் நான் நானாயிற்றே. அடிவயிற்றை அழுத்தினேன். இரண்டு பக்கமும் தடவினேன். தர்பூசணியைத் தட்டுவது போலத் தட்டியும் பார்த்தேன். பிள்ளை இருக்கிற வயிறு கெட்டியாக இருக்கும். இங்கே ஒன்றும் இல்லை.

"இப்ப விரலை எடுக்காதீங்க," என்றாள் சாய்கல். மூச்சை இழுத்தாள். அப்புறம் "ஷ்ஷ்ஷ்" என்று நீளமாக விட்டாள். அந்த மூச்சோடு இரண்டு வரப்பும் மெல்ல நகர்ந்து வந்து என் விரலை இரு பக்கமும் பிடித்தன. லேசாகத்தான். ஆனால் பிடித்தன.

"முன்னாடி உங்க கையே உள்ள போயிருக்கும். இப்ப விரல்தான் போகுது," என்றாள்.

மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். அவள் இந்த வீட்டில் இருப்பதும் பெட்டியைக் கட்டுவதும் அந்த நிமிஷம் என் நாக்கில் இருந்தது.

"உள்ள யாருமில்ல," என்றேன். "பிள்ளையும் இல்ல, பேயும் இல்ல. பெத்த வயிறு நடுவுல விட்டுப்போயிருக்கு. எனக்கும் இப்படித்தான் இருக்கு. நான் துண்டைக் கட்டி மறைக்கறேன், இவ மூட்டப் பாக்கறா."

கடைக்குட்டி சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான்.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றான் ஈனக்குரலில்.

"எப்பச் சொல்றது? போன்ல உங்க முகம் தெரியறப்ப வீடே சுத்தி உக்காந்திருக்கு. அத்தனை பேர் முன்னாடி என் வயிறு கிழிஞ்சிருக்குன்னு சொல்லவா?" அவள் இப்போதுதான் அழுதாள். "பேர்மெட் வயித்துல இருந்தப்ப கடைசி மாசமெல்லாம் நான் எந்திரிக்கவே முடியாம கிடந்தேன், ஞாபகம் இருக்கா? இந்த நிலையில அடுத்தது வந்தா அதைவிட மோசமாயிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க. கனம் தூக்காத, நேரா எந்திரிக்காத, தினம் இதைச் செய், அப்புறம் பெத்துக்கோன்னாங்க. பெரிய வீட்டுக்குப் பேரன் வேணும்னு அத்தை கேக்கறாங்க. ஓட்டை வீட்டுல ஆளைக் குடி வைக்க முடியுமா? அடைச்சுட்டுத்தான கூப்பிடணும்?"

தொட்டிலைப் பிடித்த கையை அத்தை இன்னும் எடுக்கவில்லை. "அதுக்குத் தொட்டில்தான் கிடைச்சுதா?" என்றார்.

"காலை மேல வெக்கணும் அத்தை. நாற்காலில வெக்கச் சொன்னாங்க. நம்ம வீட்டுல நாற்காலி எங்க இருக்கு? அந்த உயரத்துக்கு இது ஒண்ணுதான் இருந்துது. ஆடாம இருக்க அடியில துணி வெச்சேன், அப்பவும் ஆடுது. ஒவ்வொரு தடவையும் தூ தூன்னு துப்பிட்டுத்தான் செய்யறேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"உங்க முன்னாடி நான் காலை நீட்டணுமே அத்தை."

எங்களில் மருமகள் மாமியார் முன்னால் காலை நீட்டி உட்காரமாட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பாதத்தை அத்தை பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். சாய்கல் வேறு எப்படிச் செய்திருக்க முடியும்? கொக்கி போட்டுக்கொண்டுதான் செய்திருக்க முடியும். அந்தக் கொக்கியைப் பார்த்துத்தான் நாங்கள் மற்றதையெல்லாம் கட்டினோம்.

முற்றத்தில் வைத்துக் கடைக்குட்டியை நன்றாகக் கேட்டேன். "இவ்ளோ தூரம் வந்து இறங்கி, பொண்டாட்டிகிட்ட கேக்கற மொத கேள்வி அதுதானாடா?"

"நீங்களும்தான அண்ணி நம்பினீங்க."

"நான் எல்லாரையும்தான் சந்தேகப்படறேன். நீ அவ ஒருத்தியைத்தான நம்பணும்?" அவன் தலையைக் குனிந்துகொண்டான். இரக்கமாக இருந்தது, ஆனாலும் நான் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அவன் சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு பிய்ந்த கொக்கியைப் பொருத்தப் போனான். அத்தை அவன் கையிலிருந்து கொக்கியை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "வேண்டாம்" என்றார். "அப்போ கடைக்குப் போய் ஒரு நாற்காலி வாங்கிட்டு வரேன்," என்றான்.

மதிய டீ முடிந்தது. சாய்கல் கிண்ணங்களை அடுக்கிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வாசற்படியில் நின்றாள். கடைக்குட்டி நாற்காலிக்குப் போனவன் இன்னும் வரவில்லை. அத்தை பேர்மெட்டைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு உள்ளறைக்குள் போனார். தொட்டிலை இழுத்து மூலையில் தள்ளி, ஒரு போர்வையை மடித்து அதற்குள் வைத்தார், அது வெறுந்தொட்டிலாக இருக்கக் கூடாது என்று. அப்புறம் அது இருந்த இடத்தில் தானே கம்பளத்தில் உட்கார்ந்து, முழங்காலை மடக்கிப் பாவாடையைச் சரிசெய்தார்.

"வா, படு."

சாய்கல் படுத்தாள். கால் எங்கே போவதென்று தெரியாமல் ஒடுங்கியிருந்தது.

"இங்க வை," என்று அத்தை தன் முழங்கால்களைத் தட்டினார்.

"ஐயோ, வேண்டாம் அத்தை!"

"தொட்டில் ஆடக் கூடாது. அதுக்குத்தான். வேற எதையும் நெனச்சுக்காத."

சாய்கல் அசையவில்லை. அத்தை குனிந்து அவளுடைய இரண்டு காலையும் தன் கையாலேயே தூக்கித் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். மருமகளின் குதிகாலில் பனிக்கு வெடித்திருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்து, "ஆட்டுக்கொழுப்பு தடவறதில்லையா?" என்று அதட்டினார்.

சாய்கல் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். வயிறு குலுங்கியது.

"அழுதா மூச்சு எப்படி விடுவ? விடு."

ஷ்ஷ்ஷ் என்று நீளமாக வந்தது. ஒரு குதிகால் தரைக்கு இறங்கி, மறுபடி அத்தையின் முழங்காலுக்கு ஏறியது. எந்தச் சத்தமும் இல்லை. பேர்மெட் என் மடியில் தூங்கிவிட்டாள். என் ஒரு கை அவளைத் தட்டிக்கொண்டிருந்தது, இன்னொரு கை எனக்கே தெரியாமல் என் கம்பளித் துண்டின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

"இது மூட இன்னும் எத்தனை நாளாகும்?" என்று கேட்டார் அத்தை.

"தெரியல அத்தை. சீக்கிரம் ஆயிடும். நான் வேணும்னா காலையிலயும் சேத்து..."

"சீக்கிரம் வேண்டாம்," என்றார், பேரன் பேரன் என்று இத்தனை நாளாக அரித்துக்கொண்டிருந்த அத்தை. "அவசரமே இல்ல. அடுத்த காலை எடு."